ஒரு நாள், பஸ்ஸும் படகும்: நயினாதீவா, நெடுந்தீவா, காரைநகர்ப் பாதையா?

சுவிஸில் இருக்கும் அக்கா குடும்பம் இந்த ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறது. இரண்டு கிழமை நிற்பார்கள். கல்யாண வீடு, சொந்தக்காரர் வீடுகள், தேர், தீர்த்தம் எல்லாம் போக ஒரேயொரு முழு நாள்தான் மிஞ்சும். அந்த நாளைப் பற்றித்தான் பெறாமகள் கேட்டாள்: "சித்தி, நாங்கள் இஞ்ச தூன் ஏரியில போற மாதிரி அங்கயும் பஸ்ஸிலயும் போட்டிலயும் மாறி மாறி ஒரு நாள் போய்வர ஏலுமா?"

அவள் சொல்லும் பயணம் எனக்குத் தெரியும். அக்கா கூப்பிட்டு நானும் ஒருமுறை போனேன். தூன் நகரில் கப்பல் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் இன்டர்லாக்கன். அந்தப் பெயருக்கே 'ஏரிகளுக்கு இடையில்' என்றுதான் பொருள். அங்கே இறங்கி, பஸ்ஸில் ஊரின் மறுபக்கம் போய், பிரியென்ஸ் ஏரியில் அடுத்த கப்பல் பிடிக்க வேண்டும். பனியாறு பாறையை அரைத்துவிடும் மா கலந்து வருவதால் இரண்டாவது ஏரியின் தண்ணீர் பச்சையும் நீலமுமாகக் கிடக்கும். ஒரு பக்கம் பார்த்தால் ஐகர், மோங்க், யுங்பிராவ் என்று மூன்று மலைகள். யுங்பிராவ் மட்டும் 4,158 மீற்றர். கப்பலின் மேல்தட்டில் நின்று அம்மாவை நினைத்தேன். அவவுக்கு இந்தக் குளிர் ஒத்துவராது, ஆனால் இந்த ஆறுதலான போக்கு நன்றாகப் பிடித்திருக்கும்.

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. கீரிமலையிலும் மலை இல்லை. ஆனால் ஒரே நாளில் பஸ்ஸும் படகும் மாறி மாறிப் போகிற வழி எங்களிடம் இருக்கிறது. ஒன்றல்ல, மூன்று. மூன்றும் வேறு வேறு நாள், வேறு வேறு ஆட்களுக்கானவை. அக்காவுக்கு எழுதியதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற பல வீடுகளில் இதே கேள்வி எழும்பும் என்று தெரியும்.

முதலில் பொதுவானதைச் சொல்லிவிடுகிறேன். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் புங்குடுதீவுக் கரையிலுள்ள குறிகட்டுவான் துறையில்தான் படகு ஏற வேண்டும். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் 776 பஸ் பிடித்தால் நேரே அங்கே கொண்டுபோய் விடும். தயவுசெய்து வான் பிடிக்காதீர்கள். வானில் கண்ணாடியை மூடி ஏசியைப் போட்டுவிட்டால் அரைவாசிப் பயணம் அங்கேயே போய்விடும். பஸ் கோட்டையைத் தாண்டிப் பண்ணைப் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் பரவைக்கடல் விரியும். இடுப்பளவு தண்ணீரில் கம்பு நட்டுக் கட்டிய சிறகுவலைகள், அந்தக் கம்புகளில் வரிசையாக நீர்க்காகங்கள், எங்கேயோ தூரத்தில் கடலில் நடந்துபோகிற ஒரு மனிதர். யன்னல் பக்கம் இருந்தால் காற்று முகத்தில் உப்பாக ஒட்டும். பிறகு அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை. அதன்பின் வாணர் பாலம். அந்தப் பாலத்தில் பஸ் மெதுவாக ஊரும்போது கடலின் நடுவில் இருக்கிறோமோ என்று தோன்றும். அப்புறம் புங்குடுதீவு. பூட்டிய பெரிய கல்வீடுகள், வீட்டுக்குள் முளைத்த மரங்கள், நடுவில் புதிதாக வெள்ளையடித்த ஒரு கோவில். அந்த வீட்டுக்காரர்களில் பலர் இன்று கனடாவிலும் சுவிஸிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள். பெறாமகள் இதைப் பார்க்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒல்லாந்தர் இந்தத் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். வேலணைக்கு லெய்டன், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க், காரைதீவு என்ற இன்றைய காரைநகருக்கு அம்ஸ்ரடாம், அனலைதீவுக்கு ரொட்டடாம். ஒன்றும் ஒட்டவில்லை. நெடுந்தீவுக்கு வைத்த டெல்ப்ட் மட்டும் ஆங்கிலத்தில் இன்றுவரை நிற்கிறது. தமிழில் அதுவும் இல்லை.

சரி, நயினாதீவு.

குறிகட்டுவானிலிருந்து கால் மணித்தியாலம், இருபது நிமிடம். மேலே மூடிய மரப் படகு. குனிந்து படியிறங்கி உள்ளே பலகையில் இருக்க வேண்டும். உயிர்காப்பு அங்கி தருவார்கள், போட்டுக்கொள்ளுங்கள். அம்மாவின் முழங்காலுக்கு இந்தப் படி கொஞ்சம் கரைச்சல்தான். ஆனால் படகுக்காரப் பொடியள் பழக்கப்பட்டவர்கள். "கையைத் தாங்கோ அம்மா, ஆறுதலா இறங்குங்கோ" என்று இரண்டு பக்கமும் பிடித்து இறக்கிவிடுவார்கள். போன வருடம் எண்பது தாண்டிய ஒரு மாமியை அப்படித்தான் இறக்கினார்கள். அவ உள்ளே இருந்ததும் முதல் வேலையாகத் தேவாரம் பாடத் தொடங்கினா. படகு முழுக்க அமைதியாகிவிட்டது.

கோபுரம் கடலிலிருந்தே தெரியும். நாகபூசணி அம்மனுக்கு வேண்டுதல் இல்லாத வீடு யாழ்ப்பாணத்தில் குறைவு. பிள்ளை இல்லை என்றால் அம்மன், பிள்ளை பிறந்தால் அம்மன். எங்கள் அக்காவே அம்மாவின் நேர்த்திக்குப் பிறந்தவதான். மத்தியானப் பூசை பார்த்து, அன்னதானத்தில் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து வேம்படியில் இருந்தால் நேரம் போவது தெரியாது. அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர். மணிமேகலை கையிலிருந்த வற்றாத பாத்திரத்தின் பெயர் அது. அவள் வந்திறங்கிய மணிபல்லவம் இந்தத் தீவுதான் என்று சொல்பவர்கள் உண்டு. அதனால் பந்தியில் இலை போட்டு இருக்கும்போது அந்தப் பெயர் சும்மா ஒரு பெயராகத் தெரியாது.

கொஞ்சத் தூரம் நடந்தால் நாகவிகாரை. நாக அரசர்களான சூளோதரனும் மகோதரனும் ஒரு மணி ஆசனத்துக்காகச் சண்டைபிடிக்க, புத்தர் வந்து தீர்த்துவைத்த இடம் இதுவென்று பௌத்தர்கள் நம்புகிறார்கள். தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வருவார்கள். ஆகவே போயா என்கிற பௌர்ணமி நாளில் போகாதீர்கள், படகுக்கு வரிசை நீளும். ஆனியில் அம்மனுக்குத் திருவிழா. அந்தக் கூட்டம் வேறு வகை. அதற்காகவே போகிறவர்கள் போகலாம், கைக்குழந்தையோடும் முழங்கால் வருத்தத்தோடும் வேண்டாம்.

நயினாதீவில் பலர் பார்க்காமல் வருவது ஒன்று இருக்கிறது. அம்மன் கோவிலில் உள்ள பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டு. வெளிநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்து போனால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உரியவனுக்கு. மற்றப் பண்டங்கள் ஏற்றிய கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. சிங்கள அரசன் ஒருவன் தமிழில் வெட்டுவித்த சட்டம். ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. அந்த யானையையும் குதிரையையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற இரண்டு பயணங்களிலும் அவை வரும்.

குறை என்னவென்றால் நயினாதீவு சின்னத் தீவு. கோவிலில் மனம் ஒட்டாத பிள்ளைகளுக்கு ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியாது. அப்படியானவர்களுக்காகத் திரும்பும் வழியில் சாட்டியில் இறங்கலாம். கடலும் இருக்கிறது, சிந்தாத்திரை மாதா கோவிலும் இருக்கிறது. கடலோடிகளுக்குத் துணை நிற்கும் மாதா. படகுப் பயணம் முடித்து அங்கே ஒரு மெழுகுதிரி கொளுத்துவது எனக்குப் பழக்கம், நான் சைவக்காரி என்றாலும்.

இனி நெடுந்தீவு. பெறாமகளின் வயதில் நான் இருந்தால் இதைத்தான் கேட்டிருப்பேன்.

ஏறக்குறைய ஒரு மணித்தியாலக் கடல். பரவைக்கடல் அல்ல, திறந்த கடல். கரை மறையும், அடுத்த கரை தெரியாது, நடுவில் கொஞ்ச நேரம் தண்ணீர் மட்டும். மூன்று வழிகளில் கடற்பயணம் என்று சொல்லக்கூடியது இது ஒன்றுதான். குமுதினி, வடதாரகை என்று இந்த வழியில் ஓடிய படகுகளின் பெயர்கள் தீவகத்தில் எல்லோருக்கும் தெரியும். குமுதினி என்றால் என் வயதுக்காரர்களுக்கு வேறொன்றும் நினைவு வரும். 1985 மே 15 அன்று, நெடுந்தீவிலிருந்து வந்துகொண்டிருந்த அந்தப் படகில் பெண்களும் பிள்ளைகளும் உட்பட்ட பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மாவலித்துறையில் இறங்கும்போது இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுப் பிறகு குதிரை பார்க்கப் போவதுதான் முறை என்று நான் நினைக்கிறேன். அந்தத் தீவின் சனம் இன்றும் அதே கடலைக் கடந்துதான் ஆசுபத்திரிக்கும் கந்தோருக்கும் வருகிறார்கள்.

தீவுக்குள் போனால் வேறொரு உலகம். மதில் இல்லை, கிடுகுவேலி இல்லை. பவளக்கற்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கல்வேலிகள் கண்ணுக்கெட்டிய தூரம் ஓடும். சாந்து இல்லை, கை வேலைதான். வெட்டவெளியில் மட்டக்குதிரைகள் மேயும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வளர்த்துவிட்டுப் போன குதிரைகளின் வழி வந்தவை என்பார்கள். கல்வெட்டில் மரக்கலத்தில் வந்த குதிரை இங்கே காட்டுக்குதிரையாக நிற்கிறது என்று எனக்குத் தோன்றும். அரபு வணிகர் கொண்டுவந்து நட்டதாகச் சொல்லப்படும் பெருக்குமரம், உள்ளே ஒரு சின்னக் குடும்பமே நிற்கலாம். இடிந்த கோட்டை, தபாலுக்குப் புறா வளர்த்த புறாக்கூடு, வெடியரசன் கோட்டை என்று சொல்லும் கற்குவியல். எல்லாவற்றையும் பார்க்க ஓட்டோவோ பிக்கப்போ பிடிக்க வேண்டும். இறங்குதுறையில் நிற்பார்கள். விலையை ஏற முன்பே பேசிவிடுங்கள்.

ஆனால் அக்காவுக்கு இதை வேண்டாம் என்று எழுதினேன். காரணம் காற்று.

ஆடி ஆவணியில் சோழகம் அடிக்கும். தென்மேற்கிலிருந்து வருகிற காற்று, நாள் முழுக்க ஓயாது. நான் ஒருமுறை ஆனி மாதத்தில் சிநேகிதிகளோடு போனேன். படகு எழும்பி விழுந்த விழுகையில் எங்களில் நாலு பேர் சத்தி எடுத்தோம். எதிரில் இருந்த நெடுந்தீவு அம்மா ஒருவர் மடியிலிருந்து தேசிக்காய் எடுத்து நகத்தால் கீறி, "மணந்துகொண்டு இரு பிள்ளை, தூரத்தைப் பார், கீழ பார்க்காத" என்றார். அவர் மடியில் இன்னும் மூன்று தேசிக்காய் இருந்தது. எங்களைப் போன்றவர்களுக்காகவே கொண்டுவந்திருக்கிறார் போல. கரையில் இறங்கினால் தீவு காய்ந்து கிடந்தது. கோடையில் குதிரைகளுக்கே தண்ணீர் இருப்பதில்லை, வறட்சி கடுமையான ஆண்டுகளில் அவை செத்தும் போகின்றன. எலும்பு தெரிய நின்ற ஒரு தாய்க் குதிரையைப் பார்த்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நெடுந்தீவைப் பார்க்க வேண்டும் என்றால் மாரி மழை முடிந்து, வாடை அடங்கிய பிறகு, மாசி பங்குனியில் வாருங்கள். கடல் தட்டாக இருக்கும், நிலம் பச்சையாக இருக்கும், குதிரைக் குட்டிகளும் துள்ளும். கச்சதீவு அந்தோனியார் திருநாளும் அந்தக் காலத்தில்தான் வரும். அந்த இரண்டு நாளும் குறிகட்டுவான் நிரம்பிவிடும், தவிர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, திரும்பும் படகு. காலையில் போய்ப் பின்னேரம் திரும்புவதற்கான படகுகளே இருக்கும். அதைத் தவறவிட்டால் அன்றிரவு தீவில்தான். எத்தனை மணிக்குக் கடைசிப் படகு என்று காலையில் ஏறும்போதே படகில் கேளுங்கள். காற்றுக்கும் நாளுக்கும் ஏற்ப நேரம் மாறும், நேற்றுப் போனவர் சொன்னதை நம்ப வேண்டாம்.

நயினாதீவையும் நெடுந்தீவையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரே துறையிலிருந்து போவதால் அப்படித் தோன்றும். கொழும்பிலிருந்து வந்தவர்களோடு நானும் அதற்கு முயன்றேன். நயினாதீவில் அர்ச்சனையை அவசரமாகச் செய்து, அன்னதானத்தையும் விட்டுவிட்டு ஓடிவந்தால், நெடுந்தீவுப் படகு தூரத்தில் ஒரு புள்ளி. அம்மனையும் ஆறுதலாகப் பார்க்கவில்லை, குதிரையும் இல்லை. குறிகட்டுவான் தேத்தண்ணிக் கடையில் வடை சாப்பிட்டுக்கொண்டு பின்னேரம் வரை இருந்தோம்.

மூன்றாவது வழியை யாரும் சொல்வதில்லை. ஆனால் பெறாமகள் கேட்டதற்கு நேரான பதில் இதுதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து காரைநகர் பஸ். வழியில் வட்டுக்கோட்டை, அமெரிக்க மிசனரிமார் 1823இல் செமினரி தொடங்கிய ஊர். பொன்னாலைப் பாலத்தில் மீண்டும் கடல் இரண்டு பக்கமும். காரைநகரில் ஈழத்துச் சிதம்பரம் கும்பிட்டுவிட்டு, கசூரினாக் கடற்கரைக்குப் போகலாம். தண்ணீர் வெகுதூரம் வரை முழங்காலளவு, இடுப்பளவுதான். சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கரையில் இருந்து பார்க்கலாம். பிறகு துறைக்கு வந்து பாதை ஏற வேண்டும். பாதை என்றால் தெரியாத பிள்ளைகளுக்கு: அது ரோட்டு அல்ல, தட்டையான மிதவை. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவிலுள்ள கடலைக் கடப்பது. ஆட்களும் சைக்கிளும் மோட்டார் சைக்கிளுமாக ஏறி நிற்பார்கள். பள்ளிப் பிள்ளைகள், மீன்பெட்டியோடு ஒருவர், காசு எடுக்க வங்கிக்குப் போகும் ஆச்சி. பத்து நிமிடப் பயணம். கடலின் நடுவில் தனியாக ஒரு கோட்டை நிற்கும், ஊரில் கடற்கோட்டை என்போம். போர்த்துக்கேயர் கட்டியது. ஒல்லாந்தர் அதற்கு ஹமன்ஹீல் என்று பெயர் வைத்தார்கள், பன்றித்தொடையின் குதிகால் என்று பொருள். இலங்கையின் வடிவம் அவர்களுக்குப் பன்றித்தொடை போலத் தெரிந்திருக்கிறது. பின்னாளில் சிறையாக இருந்தது, இப்போது கடற்படையிடம் இருக்கிறது.

அக்கரையில் ஊர்காவற்றுறை. கல்வெட்டுச் சொல்லும் அதே துறை. யானைகளைக் கப்பலேற்றிய துறை என்பதால் போர்த்துக்கேயர் யானைத்துறை என்று பொருள்படக் கூப்பிட்டதிலிருந்துதான் கயிற்ஸ் என்ற பெயர் வந்தது என்கிறார்கள். யானை நின்ற இடத்தில் இன்று நீலப் படகுகள் நிற்கின்றன. இறங்கிப் பழைய கடைத்தெருவில் ஒரு சுற்று நடந்து, வேலணை வழியாக வரும் பஸ்ஸில் ஏறிப் பண்ணைப் பாலத்தால் வீடு திரும்பலாம். போன ரோட்டை மறுபடி மிதிக்காமல் ஒரு முழு வட்டம். பஸ், பாதை, பஸ். தூன், பிரியென்ஸ் போலவே.

அம்மாவின் முழங்காலுக்கும் இதுதான் சுகம். குனிய வேண்டாம், படி இறங்க வேண்டாம், நேரே நடந்து ஏறலாம். சோழகமும் அந்த ஒடுக்கமான கடலில் பெரிதாக ஒன்றும் செய்யாது. குறை இரண்டு. படகுப் பயணம் என்று எதிர்பார்த்து வரும் பிள்ளைக்குப் பத்து நிமிடம் காணாது. மற்றது, பாதை பழுதாகி நிற்கும் நாட்களும் உண்டு, காரைநகரில் யாரையாவது கேட்டுவிட்டுப் புறப்பட வேண்டும். ஊர்காவற்றுறையில் பின்னேரம் போகப் போகப் பஸ் குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அனலைதீவு, எழுவைதீவு பற்றி அத்தான் கேட்டார். ஊர்காவற்றுறையிலிருந்து படகு உண்டு. அழகான, அமைதியான தீவுகள். ஆனால் அங்கே சொந்தக்காரர் இருந்தால் போங்கள். வீடும் சாப்பாடும் இல்லாமல் வெயிலில் போய் நிற்க முடியாது.

ஆக அக்காவுக்கு இப்படித்தான் எழுதினேன். ஆவணியில், அம்மாவும் பதினொரு வயதுப் பொடியனும் சேர்ந்து போகிற நாள் நயினாதீவுக்கு. வட்டப் பயணம் அம்மாவின் காலுக்குச் சுகம் என்றாலும், அக்காவையும் பிள்ளைகளையும் அம்மனுக்குக் காட்ட வேண்டும் என்று அவ எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறா என்பது எனக்குத் தெரியும். படியில் நானும் அத்தானும் பிடிப்போம். செவ்வாய், வெள்ளி வேண்டாம், போயாவும் வேண்டாம். புதன்கிழமை பார்த்திருக்கிறேன். திரும்பும்போது சாட்டியில் இறங்கிப் பொடியன் கடலில் விளையாடட்டும். காரைநகர் வட்டத்தை, நல்லூர் இல்லாத ஒரு காலை கிடைத்தால், பெறாமகளும் நானும் இரண்டு பேராகப் போய்விட்டு மத்தியானத்துக்குப் பிறகு வந்துவிடுவோம். அதற்கு ஒரு முழு நாள் தேவையில்லை.

நெடுந்தீவு அவளுக்கு நான் வைத்திருக்கும் கடன். அடுத்த வருடம் மாசியில் படிப்பு லீவு கிடைத்தால் வா, தேசிக்காய் நான் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இப்போதைக்குப் புதன்கிழமை காலை ஏழு மணிக்கு முன் எல்லோரும் பஸ் நிலையத்தில் நிற்க வேண்டும். அம்மாவுக்கு யன்னல் பக்கம், வலது கைப்பக்கம்.